சொன்னதை மட்டும் செய்யும் பொம்மை

என் கண்ணைக் கட்டி நடக்கவிட்ட வருடம் ஒன்று உண்டு. நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் அவரவர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியைத்தான் பேசுவார்கள். எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது. இத்தனை காலம் சொல்லாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றுதான். எண்பதுகளின் தொடக்கத்தில், கரண்ட் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்தில், எங்களுக்குக் கம்ப்யூட்டர் படிப்பித்தார்கள் என்றால் யார் நம்புவது?

படிப்பித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் படிப்பித்தார்கள். அந்தக் கம்ப்யூட்டராக இருந்தது நான்.

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டிய தோட்டம் அது. தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம்தான் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு தட்டி. அதற்கு அந்தப் பக்கம் சின்ன வகுப்புகள், இந்தப் பக்கம் நாங்கள். தலைமை ஆசிரியரை ‘பெரிய சார்’ என்போம். என் அப்பாவுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார். சுற்றுக் கிராமங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. சந்தைக்குப் போனால் சிங்களக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள்.

கணக்கு டீச்சர் பதுளை டவுன்காரர். அவருடைய அப்பா பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். வேதக்காரக் குடும்பம், கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போவார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது இருந்திருக்கும். என் மகளின் இன்றைய வயதைவிடச் சின்னவர். அந்தக் கணக்கு எனக்கு எப்போதும் சங்கடம் தருகிறது.

ஒரு விடுமுறையில் அவரைக் கொழும்புக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்து அந்தக் கதையைச் சொன்னார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டுமாம். உள்ளே மார்கழி மாதம் மாதிரிக் குளிராம். திரையில் ஒரு சின்னப் பொம்மை நிற்குமாம். அதற்குக் கட்டளையை எழுதிக் கொடுத்தால் நகருமாம், திரும்புமாம், போகிற வழியில் கோடு போடுமாம்.

“நான் ஒரு சதுரம் போட்டேன். என் பொம்ம நாலாவது பக்கத்துல திரும்பும்போது அடுத்த ஆளு வந்து எழுப்பிட்டாரு,” என்றார். அந்த மூடாத சதுரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன்.

டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு மெஷின் வரப்போவதாகப் பேச்சு. வந்தால் சனிக்கிழமைகளில் எங்களையும் கூட்டிவரலாமா என்று டீச்சர் கேட்டுப் பார்த்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று யாரோ சிரித்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை டீச்சர் வந்ததும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். சீமெந்துத் தரை முழுக்கச் சோக்கால் கட்டம் போட்டார். அலுமாரிக்கு மேலிருந்த பெரிய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து என் தலையில் வைத்தார். தன் அப்பாவின் கடையில் மிஞ்சிய கறுப்புத் துணியால் என் கண்ணைக் கட்டினார்.

தகரத்துக்குள் இன்னும் பிஸ்கட் வாசம் இருந்தது. அந்த வாசத்துக்காகத்தான் நான் பொம்மையாக இருக்கச் சம்மதித்தேன். வேறு எந்த ஆர்வமும் இல்லை.

“இதுக்கு அறிவு இல்ல,” என்று டீச்சர் தகரத்தைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க. இதுக்குப் பயமும் இல்ல, கோவமும் இல்ல. சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டுந்தான் செய்யும். ஒன்னும் சொல்லலன்னா நின்ன இடத்துலயே நிக்கும்.”

கட்டளைகள் கொஞ்சம்தான். போ. இடது பக்கம் திரும்பு. வலது பக்கம் திரும்பு. எடு. வை. பிள்ளைகள் முதலிலேயே எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட வேண்டும். பொம்மை நடக்கத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. முதல் தடவை எழுதியவன் என் அண்ணன். மூலையில் இருந்த நாற்காலிக்குப் போய்ச் சோக்குக் கட்டியை எடுத்து வர வேண்டும். நான் நடந்தேன். ஒரு கட்டம், இன்னொரு கட்டம். பிறகு அலுமாரியின் விளிம்பு என் வாயில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

“யாரு பிழை விட்டது?” என்று டீச்சர் கேட்டார்.

“இவதான் டீச்சர். அங்க அலுமாரி இருக்குன்னு தெரியாதா இவளுக்கு?”

“தெரியாது. கண்ணு கட்டியிருக்கு. நீ திரும்பச் சொன்னியா?”

பலகையில் எழுதியதை அண்ணன் வரி வரியாக முணுமுணுப்பது கேட்டது.

“சொல்லல டீச்சர்.”

“அப்ப யாரு பிழை?”

“நான்தான்.”

அண்ணன் தன் வாயால் தன் பிழையை ஒப்புக்கொண்டு நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. உதட்டில் ரத்தத்தோடு தகரத்துக்குள் சிரித்தேன்.

பிறகு ‘வரைக்கும்’ வந்தது. கட்டங்களை எண்ணி எழுதுவதற்குப் பதிலாக ‘சுவர் தட்டுப்படுற வரைக்கும் போ’ என்று ஒரே வரியில் எழுதலாம் என்று டீச்சர் காட்டினார். அண்ணனுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அம்மா தேத்தண்ணி ஊற்றினால், “இனிக்கிற வரைக்கும் சீனி போடும்மா,” என்பான். “ஏன்டா, கையில ரேகை தேயிற வரைக்கும் கொழுந்து எடுக்கிறேன், அது போதாதா ஒனக்கு?” என்பாள் அம்மா. அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. என் உதட்டுக் காயத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணக் கட்டி நடக்கிறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறது?” என்றார்.

பெரிய சாரும் ஒரு நாள் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “டீச்சர், இது பாடத்திட்டத்துல இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றார் டீச்சர். “அப்ப சத்தமாவது போடாம செய்யுங்க. அந்தப் பக்கம் புள்ளைங்க வாய்ப்பாடு சொல்ல முடியல.”

அதனால் டீச்சர் சத்தத்தை எடுத்துவிட்டார். முதுகில் தட்டினால் போ. இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. தலையில் உள்ளங்கையை வைத்தால் நில். தட்டியின் அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரயில் கோச்சி மாதிரி வரிசையாக நின்று ஒருவர் தட்ட அடுத்தவர் நடப்பது அவர்களுக்கு விளையாட்டு. அதில் கெட்டிக்காரி தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த சின்னப்பொண்ணு. ஆறு வயது. தட்டாவிட்டால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள்.

அந்த மாதங்களில் பெரியவர்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். ரேடியோவை வாசலுக்குக் கேட்காத அளவுக்குத் தணித்து வைப்பார்கள். சந்தியில் இருந்த தமிழ்க் கடைக்காரர் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு எங்கேயோ போனார். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். கவ்வாத்துக் காலம் இல்லையே என்று நான் கேட்டதற்கு அம்மா என் வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்தாள்.

அந்த நாள் காலையில் மூடுபனி உச்சியிலிருந்து வழிந்து இறங்கியபடி இருந்தது. பாதி வகுப்பில் டவுன் பஸ்ஸின் ஹார்ன் விடாமல் கேட்டது. பஸ் சாதாரணமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்காது. டீச்சர் ரோட்டுக்கு இறங்கிப் போனார். பனி இன்னும் இறங்காத ரோடு ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது; நான் அங்கே நின்று பார்த்தேன். பஸ்ஸில் ஒரு ஆள்கூட இல்லை. டிரைவர் சிங்களவர், வயதானவர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சருக்கு முன் சீட்டை விட்டு வைப்பவர். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“மிஸ், டவுன் வர வேணாம். ரோட்டுல நிக்கவும் வேணாம். லொறியில ஆளுங்க வாராங்க. புள்ளைங்களைக் கொண்டுபோய் எங்க சரி ஒளிச்சு வைங்க.”

டீச்சர், “எங்கப்பா கடை?” என்று கேட்டார். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

டீச்சர் உள்ளே ஓடிவந்தார். பெரிய சாரிடம் சொன்னார். சார் அவசரப்படவில்லை. அலுமாரியைத் திறந்து பூட்டை எடுத்தார்.

“தோட்ட ஆபீசுக்கு ஆளனுப்புறேன். பொலிஸ் வரும். அது வரைக்கும் கதவப் பூட்டிட்டு எல்லாரும் உள்ளயே இருப்போம்.”

“சார், இதுக்கு இருக்கிறது ஒரே ஒரு கதவு.”

“அதனாலதான் பூட்டச் சொல்றேன்.”

“அதனாலதான் வேணாங்கிறேன் சார். ஜன்னலெல்லாம் கம்பி. மேல தகரம். வெளியில இருந்து யாராவது…” டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. “மேல் லயத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஆளுங்க இருக்காங்க.”

“ரோட்டு வழியா போனா கண்ணுல படுவீங்க.”

“ரோட்டுல போகல. தேயிலைக்குள்ள போறோம்.”

“இந்தப் பனியிலயா? ஒரு புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல டீச்சர். எழுதிக் கொடுத்திருவேன்.”

“சரி சார். நீங்களும் வாங்க.”

பெரிய சார் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சு, அலுமாரி, தேசப்படம், தரையில் எங்கள் சோக்குக் கட்டங்கள். “நான் வரல,” என்றார். ஆனால் கதவைவிட்டு விலகி நின்றார்.

டீச்சர் எங்களைக் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார். “இப்ப நாம எல்லாருமே பொம்ம. சத்தம் இல்ல. முன்னால இருக்கிறவங்க சட்டையைப் பிடிச்சுக்கோங்க. தட்டினா நடக்கணும். தட்டலன்னா நிக்கணும்.” நெஞ்சிளைப்புக்காரப் பையன் ஒருவனை இடுப்பில் தூக்கிக்கொண்டார். என்னை முதல் ஆளாக வைத்தார். “நீதான் பாக்காம நடந்து பழகினவ,” என்று காதோடு சொன்னார். அண்ணன் எனக்குப் பின்னால். போகிற வழியை எனக்குக் கட்டளையாகவே சொன்னார்: கான் வருகிற வரைக்கும் நேராக. தாண்டி இடது பக்கம். நிழல் மரம் தட்டுப்படுகிற வரைக்கும். அங்கே வலது. கல்லுப் படி காலில் படுகிற வரைக்கும் மேலே.

தேயிலைக்குள் மூடுபனியில் நடந்தவர்களுக்குத் தெரியும். நீட்டிய கையின் விரல் தெரியாது. செடியின் வாதுகள் முழங்காலைக் கீறும். ஈரம் சட்டையை நனைத்து உடம்போடு ஒட்டவைக்கும். கீழே எங்கேயோ எரிந்த ரப்பர் நாற்றம் வந்துகொண்டிருந்தது. பின்னால் இத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பது எனக்கு என் சட்டையில் விழுந்த இழுப்பால்தான் தெரிந்தது. கானைத் தாண்டினோம். மலையில் வெட்டிய வடிகால் அது. அந்த இடத்தில் ஒரு பீலியிலிருந்து தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் கீழே லொறியின் ஹார்ன். மிகப் பக்கத்தில் கேட்டது மாதிரி இருந்தது. பனியில் எதுவும் பக்கத்தில்தான் கேட்கும். டீச்சரின் உள்ளங்கை என் தலையில் விழுந்தது. எல்லோரும் சிதறிச் செடிகளுக்கு அடியில் பதுங்கினோம். என் வாய்க்குள் மண் போனது. நெஞ்சிளைப்புக்காரப் பையன் இருமப் பார்த்தான்; டீச்சர் அவன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினார்.

எஞ்சின் உறுமல் எங்கோ நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. டீச்சர் தவழ்ந்துபோய், கையில் பட்ட முதுகையெல்லாம் தட்டித் தட்டி எழுப்பினார். மறுபடி சட்டைகளைப் பிடித்துக்கொண்டோம். நிழல் மரம் வந்தது. படி வந்தது. மேல் லயத்தின் நாய் குரைத்தது. அந்த நாயை அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

லயத்து வாசலில் டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மூன்றாவது தடவை வரிசையின் கடைசியிலிருந்து எண்ணினார்.

“சின்னப்பொண்ணு எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் பதுங்கியபோது அவள் கானுக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும். அங்கே டீச்சரின் கை எட்டியிருக்காது. தட்டாவிட்டால் அவள் அசையமாட்டாள். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தோம்.

நெஞ்சிளைப்புக்காரப் பையனை ஒரு ஆயாவிடம் கொடுத்துவிட்டு டீச்சர் திரும்பினார். “வழி தெரியுமா?” என்று என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மேலே வந்த வழி கால்களில் இருந்தது. கீழே போகிற வழி இல்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

“கடைசியில இருந்து தொடங்கு. படியில இருந்து கீழ, மரம் வர்ற வரைக்கும். ஏறும்போது மரத்துல வலது திரும்பின. இப்ப இடது. அப்புறம் நேரா…” அவன் நிறுத்தினான். அலுமாரியில் நான் இடித்த நாளில் செய்தது போலவே வரி வரியாக முணுமுணுத்தான். “எது வர்ற வரைக்கும்? ஏறும்போது கான் குறுக்க வந்துச்சு. இப்ப அது பக்கவாட்டுல ஓடும். அங்க ஒரு அடையாளமும் இல்லையே.”

“இருக்கு,” என்றேன். “தண்ணி விழுற சத்தம் கேக்குற வரைக்கும்.”

அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு வந்திருந்தான். தண்ணீரின் சத்தம் அவன் காதில் விழவில்லை. நான் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்திருந்தேன்.

நானும் டீச்சரும் இறங்கினோம். அவர் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். மரத்தைத் தொட்டுத் திரும்பியபோது கீழே ஆண்களின் குரல்கள் கேட்டன. எத்தனை பேர், எங்கே, எதுவும் சொல்ல முடியாது. ஒரு குரல் மட்டும் நீளமாக, கெஞ்சுவது மாதிரி, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. டீச்சரின் பிடி இறுகியதில் சட்டை என் கழுத்தை அறுத்தது. நான் நிற்கவில்லை. தண்ணீருக்காகக் காதை வைத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டது. டீச்சர் மண்டியிட்டுக் கானுக்குள் கையை விட்டுத் துழாவினார். சேறு, கல், வேர். இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினார். சட்டென்று அவர் உடம்பு அசையாமல் நின்றது. கையில் தலைமயிர் தட்டுப்பட்டிருந்தது.

சின்னப்பொண்ணு இடுப்பளவு குழிக்குள் குந்தியிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். பல் கிட்டித்துப்போயிருந்தது. டீச்சரால் பேச முடியாது, கூப்பிட முடியாது. குனிந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் எழுந்து நடந்தாள். கண்ணைத் திறக்காமல், கானிலிருந்து காலைத் தூக்கி வைத்து ஏறி, நேராக நடந்தாள். டீச்சர் அவளை அள்ளித் தூக்கினார். அவர் அழுதது என் கழுத்தில் பட்ட மூச்சில்தான் எனக்குத் தெரிந்தது.

மேலே வந்தபோது சின்னப்பொண்ணின் அம்மா கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து ஓடிவந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் டீச்சரின் கன்னத்தில் அறைந்தார். லயம் முழுக்கக் கேட்டது.

“ஒம் புள்ளையா இருந்தா விட்டுட்டு வந்திருப்பியா?”

டீச்சர் கன்னத்தைத் தொடவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். என் அம்மா வந்து அவரைக் கையைப் பிடித்து எங்கள் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் டீச்சர் எங்களோடுதான் இருந்தார். பஜாரில் தையல் கடை எரிந்துபோனதும், அப்பா அம்மா உயிரோடு ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருப்பதும் அங்கேதான் அவருக்குத் தெரிந்தன. செய்தி வந்தபோது அவர் என் அண்ணனின் கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் எழுந்து வெளியே போனார்.

கொஞ்சம் அடங்கியதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் கூடியது. பெரிய சாரையும் கூப்பிட்டார்கள். சால்வையைப் போர்த்தி, கைகளை அதற்குள் வைத்துக்கொண்டு வந்தார். குளிர்தானே என்று நினைத்தோம்.

“சார், அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு யாராச்சும் வந்தாங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“யாரும் வரல.”

“லொறி நின்னுச்சு சார். ஆளுங்க பேசினதையும் நான் கேட்டேன்,” என்றார் டீச்சர்.

“ரோட்டுல போன லொறி, ரோட்டுல போன சத்தம். ஒரு ஆளும் மேல வரல. எல்லாரும் பயப்படாம புள்ளைங்களை அனுப்புங்க.”

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் திரும்பிவிட்டது. ஒருவரும் வரவில்லை என்றால், டீச்சர் எதற்காகப் பிள்ளைகளைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்? அந்தப் பிள்ளை கானில் மூழ்கிச் செத்திருந்தால்? முதலில் பேசியவர் என் அப்பாதான். டவுன் பிள்ளை, பயந்துவிட்டது, வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றார். அவருக்கு டீச்சர் மேல் கோபம் இருக்கவில்லை. யாரும் வரவில்லை என்பதை நம்ப அவருக்கு ஆசையாக இருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது. சின்னப்பொண்ணின் அம்மா மட்டும் எதுவும் பேசாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“வந்திருந்தா?” என்று அண்ணன் வீட்டில் கேட்டான்.

“வரலையே,” என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தரை கழுவியிருந்தது. சோக்குக் கட்டங்கள் போய்விட்டன. பிஸ்கட் தகரத்தையும் காணவில்லை. கதவின் கீழ்ப் பாதியில் புதுத் தார் பூசியிருந்தது. வெயில் ஏற ஏறத் தாருக்கு அடியிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் கிளம்பியது. “கறையான் புடிச்சிருச்சு. அதுக்கு அடிச்சேன்,” என்றார் பெரிய சார். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் துணிக்கட்டு. “தேத்தண்ணி கொட்டிருச்சு,” என்றார். நாங்கள் நம்பினோம். பெரியவர்களும் நம்பினார்கள். கறையானுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது வழக்கம்தானே. இரண்டு கையிலும் ஒரே மாதிரித் தேத்தண்ணி எப்படிக் கொட்டும் என்று எனக்குத் தோன்ற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வந்தவர்களில் அவருக்கு முகம் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். சந்தையில் எழுந்து நின்று பேசியவர்களாகவே இருந்திருக்கலாம். வந்தார்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடப் படி ஏறியிருக்காது. பள்ளிக்கூடம் அதோடு மூடியிருக்கும். அல்லது, தான் சொன்ன பூட்டு என்ன செய்திருக்கும் என்று அவர் ஒருவரிடமும் சொல்ல விரும்பாமல் இருந்திருக்கலாம். எது சரி என்று எனக்குத் தெரியாது. கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. டீச்சர் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

டீச்சர் தன் சாமான்களை எடுக்க வந்த நாளில் நான் பெரிய சாரின் மேசைக்குப் பக்கத்தில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாற்றல் கேட்டுப் பெரிய சார் மேலிடத்துக்கு எழுத வேண்டும். அவரால் எழுத முடியாது. விரல்கள் துணிக்குள் இருந்தன. வேறு ஆசிரியர் இல்லை. எனவே அவர் சொல்ல, டீச்சரே எழுதினார்.

“மேற்படி ஆசிரியை எனது அனுமதியின்றி…” என்றார் சார்.

டீச்சர் எழுதினார்.

“மாணவர்களைப் பாதுகாப்பற்ற விதத்தில் வெளியே அழைத்துச் சென்றதால்…”

எழுதினார். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அந்த வரி முடிந்ததும் நிமிர்ந்தார். சாரின் கைகளைப் பார்த்தார். எழுந்துபோய், கதவில் தார் பூசிய இடத்தை நகத்தால் சுரண்டினார். தாருக்குக் கீழே மரம் கரியாக இருந்தது. விரலை முகர்ந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

“எத்தன பேரு சார் வந்தாங்க?”

பெரிய சார் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

“எழுதுங்க டீச்சர்,” என்றார்.

டீச்சர் எழுதி முடித்தார். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். சாரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை நழுவி விழுந்தது. டீச்சர் மேசையைச் சுற்றி வந்து, அந்தக் கட்டுப் போட்ட கையை வலிக்காதபடி இரண்டு கையாலும் தாங்கி, விரலிடுக்கில் பேனாவைச் செருகி, அவர் கையெழுத்தைப் போட்டு முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.